முழுப் புழு வாங்கப் பிரிவில்லை

அந்தப் புழுவை வைத்து ஒரு மீனைக்கூடப் பிடிக்க முடியாது. இரைக்காரிக்கு அதன்மேல் முதலில் வந்த கோபமே அதனால்தான். கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து, ஈர மணலைக் கிளறி, சல்லடையில் அலசி, நாலு மணி நேரம் குனிந்து நிமிர்ந்தால் இரண்டு டப்பா இரைப்புழு தேறும். தூண்டில்காரர்கள் வந்து வாங்கிப் போவார்கள். நடுவில் இந்தச் சனியன் வந்து சல்லடையில் மாட்டும். நூல் கனம், செம்மஞ்சள் நிறம், முன்னால் இரண்டு கரும்புள்ளி, பின்னால் ஒரு குஞ்சம். விரல் பட்டால் போதும், பட்டென்று தன்னைத்தானே இரண்டாக முறித்துக்கொள்ளும். அவளும் அவளுடைய நாத்தனாரும் அதற்கு முறிச்சான் என்று பேர் வைத்து, திட்டிக்கொண்டே மணலுக்குள் திருப்பிப் போட்டுவிடுவார்கள்.

அப்படிப் பேர் வைத்தது விதிமீறல் என்பது அவர்களுக்கு அப்போது தெரியாது.

ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் கரை நெடுகச் சிவப்பு நாடா கட்டிய குச்சிகள் நட்டிருந்தன. நடைபாதை வரப்போகிறதாம். கல்லும் செம்மண்ணும் ஏற்றிய நாலு லாரிகள் ஓரமாக நின்றன. இரைக்காரி குச்சிகளை எண்ணிக்கொண்டே கரை முழுவதும் நடந்தாள். முந்நூறு அடி நீளம் அந்த மணல். இருபத்திரண்டு வருடமாக அவள் அடுப்பு எரிவது அதை நம்பித்தான். புருஷனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி நாள் கண்ணில் படமாட்டான். அவன் தங்கை, தன் புருஷனை விட்டுவிட்டு வந்து, இவளோடு இருக்கிறாள். இரண்டு பெண்களுக்கும் அந்த முந்நூறு அடிதான் நிலம், கடை, வங்கி, எல்லாம்.

கரைக்கு அடிக்கடி வந்து மணலை அள்ளிப் போகும் கல்லூரி டீச்சரிடம் போய் அழுதாள். டீச்சருக்குப் புழுக்கள்தான் படிப்பு.

"அக்கா, அழாதீங்க. உங்க முறிச்சான் இருக்கே, அது எந்தப் புத்தகத்துலயும் இல்லை. ஆறு மாசமா தேடிப் பார்த்துட்டேன். புது இனம்."

"இருந்துட்டுப் போகட்டும் டீச்சர். என் மணல் போகப் போகுது, அதுக்கு வழி சொல்லுங்க."

"அதைத்தான் சொல்றேன். புது இனம்னு பதிவாச்சுன்னா, அது இருக்கிற கரையில ஒரு கூடை கல்லுகூடக் கொட்ட முடியாது. சட்டமே இருக்கு."

"அப்ப பதிஞ்சிடுவோம்! எங்க பதியணும்?"

டீச்சரின் முகம் வாடிவிட்டது. "கடற்புழு இனப் பதிவகம்னு ஒண்ணு இருக்கு," என்றாள், வீட்டில் யாருக்கோ வந்த வியாதியைச் சொல்வதுபோல. "முதல்ல கையால எடுத்தவங்கதான் மனு போடணும். அதனால நீங்கதான் போகணும். நானும் ஒரு புழுவுக்கு அங்க மனு போட்டிருக்கேன். போடும்போது எனக்குக் கல்யாணம் ஆகலை. இப்ப என் பொண்ணு ஆறாவது படிக்கிறா."

இரைக்காரி அதைக் காதில் வாங்கவில்லை. மறுநாளே ஒரு முறிச்சானைக் கடல்தண்ணியும் மணலுமாகப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பதிவகம் நாலு மாடிக் கட்டடம். லிஃப்டில் 'பழுது' என்று ஒரு பலகை. அந்தப் பலகையே பழுதாகி, ஒரு ஆணியில் தொங்கியது. வாசலை ஒட்டிய ஜன்னலுக்குப் பின்னால் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். பதினோரு பக்கப் படிவத்தை எடுத்து அவரே நிரப்பத் தொடங்கினார், ஏனென்றால் மனுதாரர்கள் நிரப்பினால் தப்பாக நிரப்புவார்களாம்.

"புழுவோட நிரந்தர முகவரி?"

"கடற்கரைங்க."

"தற்காலிக முகவரி?"

இரைக்காரி யோசித்தாள். "இந்தப் பாட்டில்."

எழுத்தர் எழுதிக்கொண்டார். "புழுவுக்கு வேறு பெயர் ஏதாவது உண்டா?"

"நாங்க முறிச்சான்னு சொல்லுவோம்."

பேனா கீழே இறங்கிவிட்டது. "பேர் வச்சிட்டீங்களா? பதிவகம் பேர் வைக்கிறதுக்கு முன்னாடி யாருமே பேர் வைக்கக் கூடாதும்மா. ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுங்க."

"யாருகிட்ட மன்னிப்பு சார்? உங்ககிட்டயா, புழுகிட்டயா?"

எழுத்தர் நியாயமான மனிதர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டு நகல் கொடுத்திருங்க," என்றார்.

அடுத்து நீளம். உயிரோடு அளக்க வேண்டுமாம். புழுவைத் தட்டில் ஊற்றி, இரும்பு ஸ்கேலை எடுத்து அதன்மேலேயே வைத்தார். 'ஐயோ சார்' என்று இவள் சொல்லி முடிப்பதற்குள் அது முறிந்துவிட்டது.

எழுத்தர் தட்டை உற்றுப் பார்த்தார். "நீங்க கொண்டு வந்தது ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான் சார். இப்ப நீங்கதானே ரெண்டாக்கினீங்க!"

"ஆபீஸ்ல எதுவும் ஆகாதும்மா. எல்லாம் வரும்போதே அப்படித்தான் வரும்," என்று பொறுமையாகச் சொல்லி, இரண்டு பாதியையும் இரண்டு குப்பியில் போட்டு, இரண்டு ரசீது கிழித்தார். முன்பாதி நாலாம் மாடித் தலைப் பிரிவுக்கு. பின்பாதி தரைத்தளத்தில் வால் பிரிவுக்கு. இரண்டையும் மனுதாரரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

மூச்சு வாங்க நாலு மாடி ஏறினாள். தலைப் பிரிவு பூட்டிக் கிடந்தது. அதிகாரி ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது, அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை என்று பெருக்குகிற அம்மா சொன்னாள். கதவில் ஒரு சந்து இருந்தது. அதில் போட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம். இரைக்காரி குப்பியை உள்ளே விட்டாள். கண்ணாடிமேல் கண்ணாடி விழுந்து உடையும் சத்தம் கேட்டது.

கீழே வால் பிரிவில் ஆறு பேர் வேர்க்க விறுவிறுக்க வேலை செய்துகொண்டிருந்தார்கள். வால் அதிகாரி பின்பாதியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தவர், அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"குஞ்சம்! அம்மா, என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணை நான் பார்த்ததில்லை. ஆனா பாருங்க, ஒண்ணே ஒண்ணை வச்சு இனம்னு சொல்ல முடியாது. இது உடம்பு சரியில்லாத புழுவாக்கூட இருக்கலாம். முழுசா நாற்பது வேணும். முறியாம."

"தொட்டாலே முறியும் சார் அது."

"அது உங்களுக்கும் புழுவுக்கும் உள்ள விஷயம்," என்றார் வால் அதிகாரி.

டீச்சர்தான் வழி சொன்னாள். கடல்தண்ணியில் பேதி உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தால் புழு மயங்கித் தூங்கிவிடும், பிறகு ஸ்பிரிட்டில் போட்டால் முறியாது. நாத்தனார் மருந்துக்கடைக்குப் போய் ஒரு கிலோ பேதி உப்பு கேட்டாள். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்து, "வீட்ல எத்தனை பேரும்மா?" என்றார்.

"நாற்பது பேர். எல்லாரையும் தூங்க வைக்கணும்," என்று சொல்லிவிட்டு வந்தாள் அவள். கடைக்காரர் அன்று முழுவதும் செய்தி கேட்டுக்கொண்டிருந்தாராம்.

இருபது நாள் ஆனது. மணலை விரலால் தொடாமல், ஸ்பூனால் அள்ளி, தண்ணியோடு ஏந்தி, ஒவ்வொன்றாக உப்புத்தண்ணியில் தூங்கவைத்து, ஒரு புழுவுக்கு ஒரு கண்ணாடிக் குழாய். இரை தோண்ட நேரமில்லை. தூண்டில்காரர்கள் வேறு இடம் பார்த்துப் போனார்கள். நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். "அண்ணி, எங்க அண்ணனைக்கூட நீங்க இப்படித் தாங்கினதில்லை." இடுப்பொடிந்த கோபத்தில் இரைக்காரி அடுத்த குழாயை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

லாரிக்காரனும் தன் பங்குக்கு வந்து புலம்பினான். "உங்க மனு உள்ள இருக்கிற வரைக்கும் வண்டியை நகர்த்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா. சீக்கிரம் முடிச்சு விடுங்க, நான் வீட்டுக்குப் போகணும்."

"நானும் அதுக்குத்தாம்பா நாயா அலையறேன்," என்றாள்.

நாற்பது முழுப் புழுக்கள், நாற்பது குழாய்கள். பஸ்ஸில் மடியில் வைத்து, ஒரு குலுங்கல் இல்லாமல் கொண்டுபோனாள். எழுத்தர் பெட்டியைத் திறந்து பார்த்தார். முகத்தில் உண்மையான மரியாதை தெரிந்தது.

"ரொம்ப அழகா இருக்கும்மா. எல்லாம் முழுசு. ஆனா முழுப் புழு வாங்க இங்க பிரிவு இல்லையே."

"என்ன சார் சொல்றீங்க?"

"தலைப் பிரிவு தலை வாங்கும். வால் பிரிவு வால் வாங்கும். முழுசா யாரு வாங்குவா? நீங்களே சொல்லுங்க." சொல்லிக்கொண்டே மேஜை டிராயரிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

"சார், வேணாம் சார்! முழுசா கேட்டது நீங்கதானே! இருபது நாள் சார்!"

"முழுசா வரணும்ங்கிறது விதி. வந்துச்சு. முழுசுன்னு எழுதி முத்திரையும் போட்டாச்சு. இப்ப அனுப்பி வைக்கிற வேலை."

சரக், சரக் என்று நாற்பதையும் வெட்டினார். இரைக்காரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்த வேண்டும்போல இருந்தது, கத்தவும் செய்தாள். எழுத்தர் கோபித்துக்கொள்ளவில்லை. கத்துவதற்கென்று அங்கே தனியாக ஒரு பதிவேடு இருந்தது. அதில் தேதி போட்டு அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவளுக்கு முன்னால் பக்கம் பக்கமாக டீச்சரின் கையெழுத்து.

எண்பது ரசீதோடு வால் அதிகாரியிடம் போனபோது இன்னொரு விதி காத்திருந்தது. கரைக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் இனம் அரிதாக இருக்க வேண்டுமாம். அங்கே நாற்பதுக்கும் குறைவாகத்தான் இருக்க வேண்டுமாம்.

"நாற்பது இருந்தாதான் இனம்னீங்க. இப்ப நாற்பது இருக்கக் கூடாதுன்னா எப்படி சார்?"

"அதான் நாற்பதையும் இங்க கொண்டு வந்துட்டீங்களே. இப்ப அங்க குறைஞ்சிருக்கும். ரெண்டு விதியும் சரியாப் போச்சு," என்று கண்களில் பெருமிதம் மின்னச் சொன்னார். "இந்த விதிகளை எழுதினவங்க சாதாரண ஆளுங்க இல்லைம்மா."

இரைக்காரிக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சுவரில் ஏற்கெனவே யாரோ முட்டிய மாதிரி சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு ஓர் அதிசயம் நடந்தது. எந்த மனுவும் பத்து வருடத்துக்குக் குறைந்து நகராத பதிவகத்தில் இவளுடைய மனு ஓடத் தொடங்கியது. மேலிடத்திலிருந்து அவசரமாம். நடைபாதைக்காரர்களே தினமும் போன் பண்ணி 'அந்தப் புழு முடிஞ்சதா' என்று விசாரிக்கிறார்களாம். எதிராளிக்கு நம் புழுமேல் இத்தனை அக்கறை ஏன் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். எங்கே யோசித்தாள்? காரியம் நடந்தால் சரி என்று சந்தோஷப்பட்டாள்.

ஐந்தாம் மாதம் முடிவுக் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். கடைசி வரிசையில் கதவை ஒட்டி ஒரு நாற்காலி கிடைத்தது. இயக்குநர் பேச எழுந்தார்.

"பெரியோர்களே! இந்தப் பதிவகம் தொடங்கி முப்பத்தோரு ஆண்டுகளில் நாம் பதிந்த இனங்கள் ஏழு. ஏழுதானா என்று சிலர் கேட்கிறார்கள். அவசரப்பட்டு உண்மையைக் கண்டுபிடிக்கும் கூட்டம் நாமல்ல. ஒரு புழுவைக்கூடக் கையால் தொடாமல் ஏழு இனங்களைக் கண்டறிந்த நிறுவனம் வேறெங்காவது உண்டா? நானே கடற்கரைக்கு ஒரு முறை போயிருக்கிறேன். செருப்புக்குள் மணல் போய்விட்டது. அறிவியல் என்பது கட்டடத்துக்குள் நடக்க வேண்டியது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்."

கைதட்டல் ஓய்ந்ததும் வால் அதிகாரி புழுவின் படத்தைப் பெரிதாகத் திரையில் காட்டினார். குஞ்சம் மேலே இருந்தது. அதற்கு அம்புக்குறி போட்டு 'தலை' என்று எழுதியிருந்தது.

இரைக்காரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து எழுந்துவிட்டாள். "சார், படம் தலைகீழா இருக்கு."

உடனே ஒருவர் ஓடிப்போய்ப் படத்தைத் திருப்பிப் போட்டார். எழுத்தெல்லாம் கவிழ்ந்து நின்றது.

"இப்போது சரியா?" என்றார் இயக்குநர்.

"படம் இல்ல சார், புழு! அது வாலு. தலை இந்தப் பக்கம். ரெண்டு கரும்புள்ளி இருக்குமே, அதான் கண்ணு."

வால் அதிகாரி சிரித்தார். "என் பிரிவுக்கு வந்த நாற்பது துண்டையும் நானே பார்த்தேன். எல்லாத்துலயும் இந்தக் குஞ்சம் இருக்கு, ஒரு கிரீடம் மாதிரி. எதுலயும் கரும்புள்ளி இல்லை. இவ்வளவு அழகான ஒரு உறுப்பை இயற்கை பின்னால கொண்டுபோய் வைக்குமா? நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"படிக்கலை சார். தோண்டியிருக்கேன். கண்ணு இருக்கிற பாதியெல்லாம் மேல தலைப் பிரிவுல பூட்டிக் கிடக்கு. போய்ப் பாருங்க."

இயக்குநர் எழுத்தரைப் பார்த்தார். "தலைப் பிரிவிலிருந்து ஏதாவது மறுப்பு வந்திருக்கிறதா?"

"இல்லைங்க ஐயா. ஏழு வருஷமா எதுக்குமே அவங்க மறுப்பு சொன்னதில்லை."

"அப்படியானால் ஒருமனதாக," என்று இயக்குநர் மேஜையைத் தட்டினார். வால் தலையானது. வால் பிரிவும் அன்றே தலைப் பிரிவாக உயர்த்தப்பட்டது. அதிகாரிக்கு மாலை போட்டார்கள். புழுவுக்கு ஒரு பதிவு எண் கொடுத்தார்கள்.

தலையோ வாலோ, கரை தப்பித்தது என்று இரைக்காரி மனதைத் தேற்றிக்கொண்டு வீடு திரும்பினாள். மூன்றே நாள்தான். நாலாம் நாள் கரையில் இரும்பு வேலி நிற்கிறது. நாத்தனார் வேலியருகே நின்றுகொண்டு அதில் மாட்டியிருந்த பலகையை உரக்கப் படித்தாள்.

"'இது அரிய புழுவின் வாழ்விடம். இங்கு மணல் தோண்டுவது குற்றம். இரைக்காகத் தோண்டுவது பெருங்குற்றம்.' நல்லா இருக்கு அண்ணி உங்க கதை. ஊரு உலகத்துல யாரையாவது குறிப்பாச் சொல்றாங்களா, நம்ம ரெண்டு பேரைத் தவிர?"

"லாரியாவது போச்சே," என்றாள் இரைக்காரி.

"எங்க போச்சு? கீழ பாருங்க. 'அரிய புழுவைப் பொதுமக்கள் கண்டுகளிக்க, சிறப்பு விலக்கின் பேரில் நடைபாதை அமைக்கப்படுகிறது.'"

அதே சிவப்பு நாடா, அதே குச்சிகள். புழு இருக்கும் மணலின்மேல் கல்லைக் கொட்டி, கல்லின்மேல் நின்று புழுவைப் பார்க்கலாமாம். லாரிக்காரன் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "செவ்வாக்கிழமை கொட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்மா. உங்க புண்ணியம்," என்றான். அவன் மனசாரத்தான் சொன்னான். இரைக்காரிக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. ஐந்து மாதம் கால் தேய அலைந்து, தன் கரைக்குத் தானே வேலி போட்டுக் கொடுத்திருக்கிறோமே என்று வயிறு எரிந்தது. அன்று சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலியின் அடியில் கைவிட்டு ஒரு முறிச்சானைத் தண்ணியோடு அள்ளினாள். திங்கட்கிழமை பதிவகம் திறக்கும்போதே வாசலில் நின்றாள். புழு இன்னும் உயிரோடு இருக்கிறது, அதன்மேல் கல்லைக் கொட்டினால் செத்துப்போகும், உங்கள் புழுவை நீங்களாவது காப்பாற்றுங்கள் என்று சொல்லத்தான் வந்தாள்.

பழைய வால் அதிகாரி, இப்போது தலை அதிகாரி, புழுவைத் தட்டில் விட்டுப் பார்த்தார். அது கரும்புள்ளியை முன்னால் நீட்டி, குஞ்சத்தை இழுத்துக்கொண்டு ஊர்ந்தது. அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார்.

"இது பின்னாலேயே போகுதே."

"முன்னாலதான் சார் போகுது!"

"எங்க புழு இப்படிப் போகாதும்மா. எங்க புழுவுக்குக் குஞ்சம்தான் தலை. இதுக்கு வால்ல குஞ்சம், தலையில கண்ணு." அவருக்கு மூச்சு வாங்கியது. "அம்மா! இது வேற இனம்! அதே கரையில ரெண்டாவது புது இனம்! எழுத்தர், படிவத்தை எடுங்க!"

இரைக்காரி தலையில் கை வைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுத்தர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி எல்லாம் அவரே போன மனுவைப் பார்த்து எழுதிக்கொண்டார். கடைசியில் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து, நடைபாதை ஆபீசுக்கு ஒன்று அனுப்பி, அவளிடம் ஒரு நகல் நீட்டினார். வழக்கமாகக் கொடுக்கும் நகல்தான். போன முறையும் கொடுத்திருந்தார். அப்போது அவள் படிக்காமல் மடித்து வைத்துவிட்டாள். இந்த முறை அழுகையை அடக்க வேறு வழியில்லாமல் படித்தாள்.

'மனு நிலுவையில் உள்ளவரை மேற்படி கரையில் கல், மண் கொட்டுதல், வேலி அமைத்தல் கூடாது. மாதிரி சேகரிக்கும் பொருட்டு மனுதாரரும் அவர் உதவியாளரும் மட்டும் தடையின்றித் தோண்டலாம்.'

மறுபடி படித்தாள். எழுந்து ஜன்னலருகே போனாள்.

"சார், நிலுவைன்னா எவ்வளவு நாள்?"

"நாற்பது முழுப் புழு கொண்டு வந்தீங்கன்னா மளமளன்னு முடிச்சிடலாம்மா. மேலிடத்துல அவசரம்."

"கொண்டு வரலைன்னா?"

"வர்ற வரைக்கும் நிலுவைதான். மாசம் ஒரு தடவை நீங்க வந்து, எத்தனை சேர்ந்துச்சுன்னு சொல்லிக் கையெழுத்துப் போடணும். ஒரு டீச்சரோடது பன்னிரண்டு வருஷமா நிலுவையில இருக்கு. பாவம், அவங்க கரையில இன்னும் ஒரு செங்கல்கூட வைக்க முடியலை."

இரைக்காரி அந்தக் கடிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஐந்து மாதமாக எதை முடிக்க உயிரை விட்டாளோ, அது முடியாமல் இருந்தவரை மணல் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. தன்மேலேயே வந்த எரிச்சலில், பஸ் வரும்வரை தனியாக நின்று பதிவகத்தை, வாலை, தலையை, தன்னை, எல்லாரையும் வாய்விட்டுத் திட்டினாள்.

வேலி வந்த வேகத்திலேயே போனது. லாரிகள் மறுபடி ஓரமாக நின்றன. இரண்டு பெண்களும் இரை தோண்டுகிறார்கள். முறிச்சான் சல்லடையில் மாட்டினால் நாத்தனார் எண்ணிச் சொல்கிறாள், மணலுக்குள் திருப்பிப் போட்டுவிடுகிறாள்.

மாதத்தில் ஒருநாள் வேலை கெடுகிறது. இரண்டு பஸ் மாறிப் போய், வரிசையில் அரை நாள் நின்று, ஜன்னலில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. அந்த எரிச்சல் மட்டும் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

"எத்தனைம்மா சேர்ந்துச்சு?" என்று எழுத்தர் கேட்கிறார்.

"முப்பத்தொன்பது சார்."

"அடடா! இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். மனசை விட்டுடாதீங்க."

"விடமாட்டேன் சார்," என்று சொல்லி, பதினோராவது மாதமாக அதே கட்டத்தில் கையெழுத்துப் போடுகிறாள்.